மோகனத்துக்கு வெளியே ஒரு திருவாசகம்

2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்தது. தலைவர்களிலிருந்து டீ மாஸ்டர் வரை தமிழ்நாடே கொண்டாடியது. அந்த வாழ்த்துச் சத்தத்துக்கு நடுவே பழைய கேள்வி ஒன்றும் எட்டிப் பார்த்தது. இதுதான் சிம்பொனி என்றால், 2005-ல் 'திருவாசகம் இன் சிம்பொனி' என்று பெயர் வைத்து விற்றார்களே, அது என்ன?

விவரம் தெரிந்தவர்கள் கையோடு பதிலும் சொன்னார்கள். அது சிம்பொனி இல்லை, ஆரட்டோரியோ. சமயநூல் ஒன்றை எடுத்துக்கொண்டு தனிக்குரல், கூட்டுக்குரல், பெரிய இசைக்குழு மூன்றையும் வைத்து, வேஷமோ நடிப்போ இல்லாமல் பாடி நிகழ்த்துவது. 1742-ல் டப்ளினில் அரங்கேறிய ஹேண்டலின் 'மெஸையா' இந்த வகைக்குப் பெயர்போனது.

திருத்தம் சரிதான். ஆனால் இருபது வருஷமாக இந்த ஆல்பத்தைப் பற்றி நடந்த பேச்செல்லாம் இந்த ரகம்தான். எந்த வகை, எவர் செலவு, தயாரித்தவர் எந்த மதம், விழாவில் யார் என்ன பேசினார். ஆறு பாட்டில் எது உசத்தி, எது சுமார் என்று யாரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. ராஜா ரசிகர்கள் சாதாரண ஆட்களா? எண்பதுகளில் வந்து ஒரு வாரத்தில் பெட்டிக்குள் போன படத்தில், இரண்டாவது இடையிசையில் வரும் கிதார் துணுக்குக்காக விடிய விடிய வாதாடுகிறவர்கள். அவர்களே இந்தக் குறுந்தகட்டைப் பூஜை அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, விபூதி பூசி, கேட்காமல் விட்டார்கள்.

என் கட்சி இது: சிம்பொனி என்ற விளம்பரத்தையும் வேதம் என்ற பயத்தையும் ஒருபக்கம் வைத்துவிட்டு, அறுபதைத் தாண்டிய ஒரு பாட்டுக்காரர் போட்ட பாட்டு ஆல்பமாக இதைக் கேட்டால், ராஜாவின் சினிமாவுக்கு வெளியிலான வேலைகளில் முதல் இடம் இதற்குத்தான். 1986-ன் 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்துக்கும் 1988-ன் 'நத்திங் பட் விண்ட்' ஆல்பத்துக்கும் மேலே. சொல்லிவிட்டேன், கோபப்படுகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படலாம்.

கெடிலக் கரையிலிருந்து

இந்தப் பேச்சைத் தொடங்கத் திருவதிகையைவிடத் தோதான இடம் கிடையாது. பண்ருட்டிக்குப் பக்கத்தில், கெடிலக் கரையில், வீரட்டானேசுவரர் கோயில். எட்டு வீரட்டானங்களில் திரிபுரம் எரித்த கதைக்குரிய தலம். சைவத்துக்குள் இசை எப்படி வந்தது என்ற கதையிலும் இந்த ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. சமணத்தில் தருமசேனர் என்ற பெயரோடு உயர்ந்த நிலையில் இருந்த மருள்நீக்கியார், சூலைநோய் வயிற்றைப் புரட்டி எடுக்க, அக்கா திலகவதியாரைத் தேடி இரவோடிரவாக இங்கே வந்தார். அக்கா கொடுத்த திருநீற்றைப் பூசிக்கொண்டு சந்நிதியில் நின்று பாடிய பதிகம்தான் அப்பர் எனப்படும் திருநாவுக்கரசரின் முதல் பதிகம். கொல்லிப் பண். தத்துவ விசாரணை எதுவும் இல்லாமல், குடல் வலிக்கிறது என்ற புகாரில் தொடங்குகிற பாட்டு.

சுந்தரர் ஒருமுறை இந்த ஊருக்கு வந்தபோது, அப்பர் உழவாரம் பிடித்த மண்ணை எப்படி மிதிப்பது என்று தயங்கி, ஊருக்குள் வராமல் சித்தவட மடத்தில் தங்கிவிட்டார் என்பது பெரியபுராணக் கதை. பாட்டுக்காரன் மேல் அப்படி ஒரு மரியாதை வைத்திருந்த மண்.

தேவாரப் பதிகங்கள் பண்ணோடு வந்தவை. கொல்லி, காந்தாரம், தக்கராகம், சீகாமரம் என்று முதல் ஏழு திருமுறைகளில் பெரும்பாலான பதிகங்கள் பண் குறிப்போடுதான் நம் கைக்கு வந்திருக்கின்றன. கொல்லிப் பண்ணை இன்றைக்கு ஓதுவார்கள் நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். எட்டாம் திருமுறையில் உள்ள மாணிக்கவாசகரின் திருவாசகம் அப்படி வரவில்லை. அதற்குப் பண் வகுத்த மரபு கிடையாது. ஓதுவார்கள் மோகனத்தில் பாடுவார்கள். அது வழக்கம், நல்ல வழக்கம். நம் அம்மாக்களுக்குச் சிவபுராணம் என்றாலே மோகனம்தான் வாயில் வரும்.

2005-ல் சைவ அன்பர்கள் வைத்த முதல் குற்றச்சாட்டு, ராஜா மெட்டை மாற்றிவிட்டார் என்பது. மாற்றவில்லை. மாற்றுவதற்கு அங்கே விதிக்கப்பட்ட மெட்டு என்று ஒன்று இருக்கவில்லை. தேவாரத்தில் கைவைத்திருந்தால் அது வேறு வழக்கு. பண்ணைக் காட்டிக் கேள்வி கேட்கலாம். திருவாசகத்தில் இசையமைப்பாளருக்குக் கதவு திறந்தே கிடந்தது. ஆயிரத்து நூறு வருஷமாக அநேகமாக யாரும் உள்ளே போகவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்துக் கோயில்களில் திருவாசகம் முற்றோதல் நடக்கும்போது ஒருநாள் போய் உட்கார்ந்து பாருங்கள். காலையில் பாய் விரித்துத் தொடங்குவார்கள். ஐம்பத்தொரு பகுதிகள், அறுநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பாடல்கள். முன்னால் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பின்பாட்டு. பாதிப் பேர் ரிட்டையர் ஆன நெய்வேலி என்.எல்.சி. ஆட்கள், முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்த உடம்பு, அசையாமல் ஏழு எட்டு மணி நேரம் உட்காருகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குரல்கள் கொஞ்சம் தொய்யும். அப்போது பார்த்து நீத்தல் விண்ணப்பம் மாதிரி நீளமான பகுதி வந்தால், மோகனம் தன்போக்கில் ஓடிக்கொண்டிருக்கும். சொற்கள் அதன் மேல் சவாரி செய்யும். என்னைக் கைவிட்டுவிடாதே என்று மனுஷன் கதறுகிற வரியும், பெண்கள் பூப்பறித்து விளையாடுகிற வரியும் ஒரே சுதியில், ஒரே நடையில் போகும். கூட்டு வழிபாட்டுக்கு அதுதான் பலம். கூட்டத்தை ஒன்றாகக் கட்டுவது அந்தச் சமநடைதான். ஆனால் அழுகைக்கும் விளையாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த மெட்டு சொல்லாது. சொல்ல வேண்டும் என்று யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

ராஜா அந்த வித்தியாசத்தைத்தான் எடுத்தார்.

எங்கே தொடங்குகிறார்?

தகவலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பு, கத்தோலிக்கப் பாதிரியார் ஜெகத் கஸ்பர் ராஜின் 'தமிழ் மையம்'. வாசித்தது ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு. நடத்துநர் லாஸ்லோ கோவாச். இடையில் வரும் ஆங்கில வரிகள், 'விக்கெட்' என்ற பிராட்வே இசை நாடகத்தை எழுதியவரும் 'போகஹான்டஸ்' பாட்டுக்கு ஆஸ்கர் வாங்கியவருமான ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். முதன்மைக் குரல் இளையராஜாவேதான். சென்னை வெளியீட்டு விழாவில் வைகோ பேசிய பேச்சு தனிக் குறுந்தகடு போடும் அளவுக்குப் பிரபலம். ஆல்பத்தைக் கேட்டவர்களைவிட அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் அதிகம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

ஆறு பாட்டு. யாத்திரைப் பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப் பத்து. இந்த வரிசையை நூலோடு ஒப்பிட்டால்தான் சமாசாரம் பிடிபடும். யாத்திரைப் பத்து நூலில் நாற்பத்தைந்தாவது. கிளம்பும் நேரம் வந்துவிட்டது, பொய்யை விட்டுவிட்டு வாருங்கள் என்று சக அடியாரைக் கூப்பிடுகிற பகுதி. கிட்டத்தட்ட முடிவில் இருக்கிற அழைப்பை ராஜா முதல் பாட்டாக்கினார். அதன் பிறகுதான் நூலின் முதல் பகுதியான சிவபுராணத்துக்கு வருகிறார். முதலில் 'கிளம்பு' என்கிறார். அடுத்து, கிளம்புகிற ஆள் யார் என்று திரும்பிப் பார்க்கிறார். கடைசியில் முப்பத்தைந்தாவதான அச்சப் பத்தில் முடிக்கிறார். சினிமாக்காரருக்குத்தான் இந்தத் திரைக்கதைப் புத்தி வரும். இதை ஒரு குறையாகவும் சிலர் சொன்னார்கள்.

சிவபுராணத்துக்குள்ளும் அதே வேலை. நூலில் தொண்ணூற்றைந்து வரி. முதல் இருபத்துச் சொச்சம் வரிகள் வாழ்த்தும் போற்றியும். தமிழ்ச் சைவ வீட்டுப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டும் முன்பே மனப்பாடம் ஆகும் வரிகள். ராஜாவின் பாட்டு அங்கே தொடங்கவில்லை. இருபத்தைந்தாவது வரியில் தொடங்குகிறது. இவ்வளவு பெரியவனே என்று புகழ்ந்துகொண்டே வந்த கவிஞர், சட்டென்று தன்னைத் திரும்பிப் பார்த்து, நான் கெட்டவன், உன்னைப் புகழும் வகைகூட எனக்குத் தெரியாது என்று நாக்குழறுகிற இடம் அது. கடவுளின் பெருமையில் தொடங்க வேண்டிய பாட்டை மனுஷனின் சிறுமையில் தொடங்கியதுதான் இந்த ஆல்பத்தின் துணிச்சல். நானறிந்த விமர்சனங்களில் இந்த ஒரு முடிவைப் பற்றி ஒரு பத்திகூட எழுதப்படவில்லை.

அந்தப் பாட்டு ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடுகிறது. புல்லிலிருந்து தேவர் வரை எடுத்த பிறவிகளின் பட்டியல் வரும் இடத்துக்குப் போங்கள். முற்றோதலில் இந்தப் பட்டியல் ஒரே மூச்சில் கடந்துபோகும். அதன் நீளம் நமக்கு உறைக்காது. இங்கே அதற்குக் காலம் கிடைக்கிறது. தனிக்குரல், கூட்டுக்குரல், தந்திக் கருவிகள் என்று ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கு ஏறுகிறது. ஒவ்வொரு பிறவியாகச் சுமை கூடுகிறது. எல்லாப் பிறப்பும் பிறந்து இளைத்தேன் என்று சொல்லப்போகிறவனுக்கு அந்த இளைப்பை இசைக்குழு முதலிலேயே வாங்கிக் கொடுத்துவிடுகிறது. வரிக்கு மேற்கத்திய அலங்காரம் போட்டார் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தை ஹெட்போனில் ஒருதரம் கேட்டுவிட்டுப் பேச வேண்டும்.

அந்தக் குரல்

வெளியான நாளில் பலர் கேட்டது: யேசுதாஸ் இருக்கிறார், எஸ்.பி.பி. இருக்கிறார், ஓதுவார் மூர்த்திகள் இருக்கிறார்கள். இவர் ஏன் பாட வேண்டும்? அறுபத்திரண்டு வயசு. மேல் ஸ்தாயியில் இறுகுகிற, மூக்கில் கொஞ்சம் தங்குகிற, நாட்டுப்புறத்து மேடையில் திறந்த குரல். பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் கட்சிக் கூட்டங்களில் பாடி ஊர் ஊராகச் சுற்றிய குரல். அதைச் சங்கீதப் பயிற்சி மழுங்கடிக்கவில்லை என்பதால்தான் இந்த வேலைக்கு அது பொருந்துகிறது.

யோசித்துப் பாருங்கள். மாணிக்கவாசகர் பாண்டியனிடம் அமைச்சராக இருந்தவர் என்கிறது வரலாறு. அதிகாரம், செல்வாக்கு, படிப்பு எல்லாம் பார்த்துவிட்டு, குதிரை வாங்கக் கொடுத்த காசைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்து, அடிபட்டு, எல்லாம் போய் நிற்கிற மனுஷன் பாடியது திருவாசகம். அதை ஒரு பிசிறும் இல்லாத வெல்வெட் குரலில் கேட்டால் அழகாக இருக்கும், நம்பத்தான் முடியாது. பிடித்த பத்துப் பாட்டில் ராஜாவின் குரல் ஒலிக்கிற விதத்தைக் கேளுங்கள். தாயைவிடத் தயை உள்ளவனே என்று கவிஞர் உருகுகிற புகழ்பெற்ற பாட்டு அந்தப் பதிகத்தில்தான் இருக்கிறது. சிக்கெனப் பிடித்தேன், இனி எங்கே போவாய் என்று கேட்கிற பிடிவாதமும் அங்கேதான். குரல் கெஞ்சவும் செய்கிறது, கையை விடாமல் இழுக்கவும் செய்கிறது. இசைக்குழு பணிவாக ஒதுங்கி நிற்கிறது. எனக்கு ஆல்பத்தின் உச்சம் இதுதான். சிவபுராணம் இரண்டாம் இடம்.

வள்ளலாரின் வடலூர் நெய்வேலிக்குப் பக்கத்து ஊர். திருவாசகத்தைப் பாடும்போது தனக்கு என்ன நடக்கிறது என்று வள்ளலார் தனிப்பாட்டே எழுதியிருக்கிறார். ஊனும் உயிரும் கலந்து இனிக்கிறது என்ற பொருளில். சொல்லுக்குள் தன்னைக் கலந்து பாடு என்பது இந்த வட்டாரத்துப் பாட்டு இலக்கணம். சபைக்கேற்ற குரலா என்ற கேள்வியே அந்த இலக்கணத்தில் கிடையாது.

இன்னொரு விஷயம், 'சினிமாத்தனம்' என்ற புகாருக்கு. திருவாசகத்தின் உள்ளே இருக்கும் தலைப்புகளைப் பாருங்கள். அம்மானை, சாழல், உந்தி பறத்தல், பொன்னூசல், தெள்ளேணம், கோத்தும்பி, பொற்சுண்ணம். அத்தனையும் அந்தக் காலத்துப் பெண்கள் தெருவிலும் முற்றத்திலும் பாடிய விளையாட்டுப் பாட்டு வடிவங்கள். உலக்கை போட்டு வாசனைப் பொடி இடிக்கும்போது பாடுகிற பாட்டில் சிவனை ஏற்றியது பொற்சுண்ணம். அரசவைப் புலமை பெற்ற மனுஷர், செய்யுள் கொட்டும் திறமை இருந்தும், ஊர் வாயில் புழங்கிய மெட்டு வடிவங்களைத்தான் தேடிப் போனார். அன்றைய பாப் பாட்டு என்று சொன்னால் புலவர்கள் அடிக்க வருவார்கள். வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. நூற்றுக்கணக்கான படங்களுக்கு மெட்டுப் போட்ட கை பொற்சுண்ணத்தைத் தொட்டதில் தப்பில்லை. அந்தப் பகுதிக்கு அப்படிப்பட்ட கைதான் வேண்டும். ஐந்தாவது பாட்டில் அதுவரை இருந்த கனம் இறங்கி, துள்ளல் வருகிறது. இடித்து இடித்துப் பாடுகிற வேலைப்பாட்டின் தாளம்தான் அங்கே அஸ்திவாரம்.

எடுக்காமல் விட்டதையும் கவனிக்க வேண்டும். திருவெம்பாவை இதில் இல்லை. விற்பனையை மட்டும் நினைத்திருந்தால் முதல் பாட்டே அதுவாகத்தான் இருந்திருக்கும். மார்கழி விடியலில் அதற்கென்று ஒரு நடை ஊரூராகப் படிந்துவிட்டது. தாய்லாந்து அரசவைச் சடங்கு வரைக்கும் போய்ச் சேர்ந்த பாட்டு. ஏற்கெனவே குடியிருக்கிற வீட்டுக்குள் அவர் போகவில்லை.

உடன்படாத இடங்கள்

எல்லாம் பிரமாதம் என்று சொல்லப் போவதில்லை. ஆங்கிலப் பகுதிகளில் எனக்கு மனம் ஒட்டவில்லை. ஷ்வார்ட்ஸ் கைதேர்ந்த எழுத்துக்காரர். அளவோடும் எளிமையோடும்தான் எழுதியிருக்கிறார். ஆனால் தமிழில் குமுறிக்கொண்டிருந்த ஆள் திடீரென்று பிராட்வே மேடை விளக்கில் வந்து நிற்கிற மாதிரி ஆகிறது. உலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசையில் நடந்தது அது. ஜி.யு.போப் 1900-லேயே முழு நூலையும் ஆங்கிலத்தில் கொண்டுபோய்விட்டார். அதற்குமேல் உலகத்துக்குத் தேவைப்பட்டது இசைதான். அதைத் தமிழிலேயே கொடுத்திருக்கலாம். புரியாத லத்தீனில் பாடப்படும் பூசைப் பாடல்களை உலகம் கேட்காமலா இருக்கிறது?

திருக்கோத்தும்பி மெட்டு இனிமை, ஆனால் பத்திரமான இனிமை. அரச வண்டைக் கூப்பிட்டுத் தூதுபோகச் சொல்கிற பாட்டில் இன்னும் கொஞ்சம் குறும்பு இருந்திருக்கலாம். முதல் பாட்டின் முழக்கமும் சில இடங்களில் எழுத்தை மூடுகிறது.

இவையெல்லாம் ஒரு பாட்டு ஆல்பத்தில் இருக்கக்கூடிய குறைகள். இவற்றைப் பேசியிருந்தால் ஆல்பம் பிழைத்திருக்கும். 2005-ல் பேசப்பட்டது வேறு. கிறித்துவப் பாதிரியார் சைவ நூலுக்கு ஏன் காசு போடுகிறார் என்று ஒரு கூட்டம். பெருமை தமிழனுக்கா, இந்துவுக்கா என்று இன்னொரு கூட்டம். அது 'சந்திரமுகி'யும் 'அந்நிய'னும் 'கஜினி'யும் வந்த வருஷம். ஹாரிஸ் ஜெயராஜும் வித்யாசாகரும் ஓடிக்கொண்டிருந்த காலம். கேசட் போய், நூறு பாட்டு அடங்கிய எம்.பி.3 தகடு பஸ் ஸ்டாண்டில் இருபது முப்பது ரூபாய்க்குக் கிடைத்த நேரம். இருபது நிமிட ஒற்றைப் பாட்டுக்கு அந்த உலகத்தில் இடமில்லை. கர்நாடக சபாக்களுக்கு இது சினிமாக்காரர் வேலை. சினிமா ரசிகருக்கு இது சாமி பாட்டு. சாமி கும்பிடுகிறவருக்கு இது வெள்ளைக்காரன் வாத்தியம்.

வெளிநாட்டிலும் இந்தக் கதை நடந்திருக்கிறது. டீப் பர்பிள் ராக் குழுவின் ஜான் லார்ட், தன் குழுவுக்கும் இசைக்குழுவுக்குமாகக் கான்செர்ட்டோ எழுதி 1969-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசித்தார். பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி 1991-ல் லிவர்பூல் தேவாலயத்தில் 'லிவர்பூல் ஆரட்டோரியோ'வை அரங்கேற்றினார். ராக்கிலிருந்து வந்தவனுக்கு இங்கென்ன வேலை என்று அங்கேயும் முகம் சுளித்தார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. மெக்கார்ட்னிக்கு ஸ்வரக்குறிப்பு எழுதத் தெரியாது. கார்ல் டேவிஸ் உடனிருந்து எழுதினார். நம்மவர் தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து மேற்கத்திய இசை எழுதப் படித்தவர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தாளில் தன் கையால் எழுதிக் கொடுப்பவர். 1993-லேயே ராயல் பில்ஹார்மோனிக்குக்கு ஒரு சிம்பொனி எழுதிப் பதிவும் செய்தார். அது வெளிவரவே இல்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த திருவாசகத்தின் தலையில், வராத அந்தச் சிம்பொனிக்கான எதிர்பார்ப்பு முழுவதும் ஏற்றப்பட்டது. பெயரிலும் அந்தச் சொல்லைப் போட்டுக்கொண்டதால் வந்த வினை.

நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு மட்டும் இந்த ஆல்பம் அன்னியமாகப் பட்டிருக்க நியாயமில்லை என்று அடிக்கடி தோன்றும். 1956-ல் என்.எல்.சி. நிறுவனம் தொடங்கி, சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்குமாக எங்கெங்கிருந்தோ வந்து குடியேறிய ஜனம். வட்டம் வட்டமாகப் பிரித்த ஊர். டிசம்பரில் விடிகாலை கோயில் ஒலிபெருக்கியில் திருவெம்பாவை. ராத்திரி அதே தெருவில் கிதாரோடு கிறிஸ்துமஸ் கேரல் கோஷ்டி. முதல் ஷிப்டுக்குப் போகிறவர் காதில் ஒன்று, இரண்டாம் ஷிப்ட் முடிந்து வருகிறவர் காதில் மற்றொன்று. நாலு குரலில் பிரிந்து பாடுகிற கூட்டுப்பாட்டும் ஒரே குரலில் ஓதுகிற கூட்டுப்பாட்டும் அங்கே குழந்தைகளுக்கு ஒரே மாதத்தின் சத்தங்கள். அச்சப் பத்தில் கூட்டுக்குரல் எழும்பும்போது அந்த இரண்டு சத்தமும் ஒன்றாகக் கேட்கிறது.

அந்தப் பாட்டைப் பற்றிச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அச்சப் பத்து ஒரு பட்டியல் பாட்டு. பாம்பு, வேல், நோய், யானை, புலி, அம்பு, இடி, எமன் என்று ஒவ்வொன்றையும் எண்ணி, எதற்கும் பயமில்லை என்கிறார் கவிஞர். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும், ஆனால் இவர்களைக் கண்டால்தான் நடுங்குகிறேன் என்று ஒரு வகை மனிதர்களைக் காட்டுகிறார். அன்பில்லாதவர்கள், உருகாதவர்கள். சாதாரண இசையமைப்பாளர் 'பயமில்லை'யில் முரசு கொட்டி முடித்திருப்பார், அங்கேதான் கைதட்டல். ராஜா அந்த வீரத்தைப் பெரிய இசைக்குழுவுக்குக் கொடுத்துவிட்டு, பயத்தைத் தன்பக்கம் வைத்துக்கொண்டது போலத்தான் எனக்குக் கேட்கிறது. யாத்திரைக்குக் கூப்பிட்டுத் தொடங்கிய ஆல்பம், வழியில் எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதில் வந்து முடிகிறது.

புதிதாகக் கேட்கிறவர்கள் முதல் பாட்டிலிருந்து வரிசையாகப் போக வேண்டாம். பிடித்த பத்தில் ஆரம்பியுங்கள். அது பிடித்துவிட்டால், இருபது நிமிடம் யாரும் கூப்பிடாத நேரம் பார்த்துச் சிவபுராணம். அச்சப் பத்து அதற்குப் பிறகு.